திருப்பி அனுப்பப்பட்டவர்கள்

(திருக்கோவிலூரில் நிகழ்த்திய ஜும்ஆ உரையின் எழுத்து வடிவம். வாசகர்களுக்காகச் சில இடங்களில் விரித்து எழுதப்பட்டுள்ளது.)

 

 

தென்பெண்ணையின் கரையில் வாழும் நமக்குக் காத்திருத்தல் புதிதன்று. கர்நாடகத்து நந்தி மலைப் பகுதியில் பிறந்து, கிருஷ்ணகிரியைக் கடந்து, சாத்தனூர் அணையில் தங்கி, அதன் பிறகே இந்த ஆறு திருக்கோவிலூருக்கு வந்து சேருகிறது. ஆண்டின் பெரும் பகுதியில் பாலத்தின் மீது நின்று பார்த்தால் மணல்தான் தெரியும். அணையில் எத்தனை அடி நீர் நிற்கிறது என்று விசாரித்துவிட்டு விதைநெல்லில் கை வைக்கும் குடும்பங்கள் நம் ஜமாஅத்திலேயே இருக்கின்றன. கேட்ட நாளில் நீர் வருவதில்லை. வந்த நாளில் எப்படி வந்தது என்பதையும் நாம் பார்த்தோம். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையின்போது சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1,68,000 கன அடி நீர் திறந்து விடப்பட்ட அந்த இரவை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். வயல்களில் மணல் ஏறிக் கிடந்தது. எனினும் அடுத்த பட்டத்திற்கு மண்வெட்டியோடு இறங்கியவர்களும் இவ்வூர் மக்களே.

ஆற்றில் நீர் இல்லாத மாதங்களில் விவசாயி என்ன செய்கிறான்? வாய்க்காலைத் தூர் வாருகிறான், வரப்பைக் கட்டுகிறான், எரு அடிக்கிறான், மாட்டைப் பராமரிக்கிறான், பிள்ளைக்குத் திருமணம் பேசுகிறான். நீர் வந்த பிறகுதான் வாழ்வேன் என்று அவன் திண்ணையில் அமர்ந்துவிடுவதில்லை. மண்ணின் காரியத்தில் இவ்வளவு தெளிவாக இருக்கும் நாம், மற்றக் காரியங்களில் காத்திருக்க நேரும்போது மட்டும் ஏன் வாழ்க்கையையே நிறுத்தி வைக்கிறோம்? வெளிநாட்டு விசா வரட்டும், பெண்ணுக்கு வரன் அமையட்டும், வழக்கு முடியட்டும், வீட்டுக் கடன் தீரட்டும் என்று நாம் தள்ளி வைப்பவற்றுள் தொழுகை இருக்கிறது, குர்ஆன் ஓதுதல் இருக்கிறது, உறவும் இருக்கிறது.

இதை விளக்க இன்று ஹஜ்ஜுக்காகக் காத்திருப்போரை எடுத்துக்கொள்கிறேன். அதில் என்னுடைய தவறு ஒன்றும் கலந்திருக்கிறது. அதையும் சொல்லத்தான் போகிறேன்.

அந்த மூன்று ஆண்டுகள்

2020 பிப்ரவரி 27-ஆம் தேதி சவூதி அரசு உம்ராவை நிறுத்தியது. மார்ச் மாதம் நம் நாட்டில் ஊரடங்கு. நம் பள்ளிவாசல்களின் கதவுகளும் மூடின. பாங்கு ஒலித்தது, தொழ வரிசை இல்லை. அந்த ஆண்டு ரமளானில் தராவீஹ் நம் வீட்டுக் கூடங்களில் நடந்தது. செப்டம்பர் 1-ஆம் தேதிதான் தமிழகத்தில் வழிபாட்டுத் தலங்கள் திறந்தன. இதற்கிடையே ஜூன் மாதத்தில் அந்தச் செய்தி வந்தது: அவ்வாண்டு ஹஜ், சவூதி மண்ணில் ஏற்கெனவே வசிப்போரில் மிகச் சிலருக்கு மட்டுமே. இந்தியாவிலிருந்து விண்ணப்பித்திருந்த 2 இலட்சத்து 13 ஆயிரத்திற்கும் அதிகமானோருக்கு, கட்டிய பணம் பிடித்தமின்றித் திருப்பித் தரப்படும் என்று மத்திய அரசு அறிவித்தது.

2021-இலும் வெளிநாட்டினருக்கு வழி திறக்கவில்லை. சவூதியில் வசிப்போர் 60,000 பேருக்கே அனுமதி. 2022-இல் பத்து இலட்சம் பேர் என்றார்கள். நம் நாட்டுக்கு 79,237 இடங்கள் கிடைத்தன. தமிழகத்து ஹாஜிகள் அவ்வாண்டு கொச்சியிலிருந்து விமானம் ஏறினார்கள். ஆனால் ஒரு நிபந்தனை இருந்தது: வயது 65-க்குள் இருக்க வேண்டும். நம் நாட்டில் அதுவரை 70 வயது கடந்தோருக்குக் குலுக்கலின்றி இடம் என்ற முன்னுரிமை இருந்ததை நினைத்துப் பாருங்கள். எவருக்கு முதலில் கதவு திறந்திருந்ததோ, அவர்களுக்கே அது அடைபட்டது.

நான் அறிந்த பெரியவர் ஒருவர் இந்த மூன்று ஆண்டுகளிலும் சிக்கிக் கொண்டார். அவருடைய அனுமதியோடுதான் சொல்கிறேன், பெயர் வேண்டாம். சிறு நிலமும் சிறு வியாபாரமும் உள்ளவர். பதினைந்து ஆண்டுகள் சேமித்து, 2020-இல் துணைவியாருடன் குலுக்கலில் தேர்வாகி, முதல் தவணையும் கட்டியிருந்தார். அப்போது வயது 65. இஹ்ராம் துணியைக்கூட வாங்கிப் பெட்டியில் வைத்துவிட்டார். பணம் திரும்பி வந்தது. மறு ஆண்டும் இல்லை. அதற்கு மறு ஆண்டு அவருக்கு வயது 67.

2022-இல் ஒருநாள் அஸர் தொழுகைக்குப் பின் என் அருகில் வந்து அமர்ந்தார். "ஹஜ்ரத், மூன்று முறை திருப்பி அனுப்பிவிட்டான். எனக்கு அழைப்பு இல்லை என்றுதானே இதற்குப் பொருள்?" என்று கேட்டார்.

'அழைப்பு' என்ற இச்சொல் நம்மிடையே எவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்கிறது என்பதை நீங்கள் அறிவீர்கள். போய் வந்தவரைப் பார்த்து, அல்லாஹ் கூப்பிட்டான், போனார் என்கிறோம். நல்ல சொல்தான். ஆனால் அதன் மறுபக்கம் போகாதவரின் நெஞ்சில் எப்படி இறங்குகிறது என்று நாம் எண்ணிப் பார்த்ததில்லை. அன்று நானும் எண்ணவில்லை. பொறுமையாக இருங்கள், இன்ஷா அல்லாஹ் கிடைக்கும் என்று சொல்லிவிட்டு, அடுத்து நின்றவரிடம் பேசத் திரும்பிவிட்டேன். பொறுமை என்பது உண்மையான சொல். நான் அதை ஒரு கதவைச் சாத்துவது போலப் பயன்படுத்தினேன்.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. அவருக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் ஹுதைபிய்யாவில் இருந்தது.

1,400 பேரும் ஒரு கேள்வியும்

ஹிஜ்ரி 6-ஆம் ஆண்டு, துல்கஅதா மாதம். கி.பி. 628. நபி (ஸல்) அவர்கள் தாமும் தோழர்களும் மஸ்ஜிதுல் ஹராமில் நுழைவதாகக் கனவு கண்டார்கள். நபிமார்களின் கனவு வஹீ. சுமார் 1,400 தோழர்கள் உம்ராவுக்குப் புறப்பட்டார்கள். இஹ்ராம் உடுத்தி, தல்பியா முழங்கி, பலிப் பிராணிகளுக்கு அடையாளம் இட்டு ஓட்டிக்கொண்டு சென்றார்கள். முஹாஜிர்களுக்கு மக்கா பிறந்த மண். ஆறு ஆண்டுகளாக அந்தத் தெருக்களை அவர்கள் பார்க்கவில்லை.

ஹுதைபிய்யாவில் தடுக்கப்பட்டார்கள். மக்காவிலிருந்து அந்த இடம் இருபது கிலோமீட்டருக்குச் சற்றே அதிகம். திருக்கோவிலூரிலிருந்து அடுத்த ஊருக்குப் போகிற தூரம். குறைஷியர் சார்பில் சுஹைல் இப்னு அம்ரு வந்தார். உடன்படிக்கை எழுதப்பட்டது. இவ்வாண்டு திரும்பிப் போக வேண்டும், அடுத்த ஆண்டு வந்து மூன்று நாட்கள் மட்டும் தங்கலாம் என்பது அதில் ஒரு நிபந்தனை. மக்காவிலிருந்து தப்பி வரும் முஸ்லிமைத் திருப்பி ஒப்படைக்க வேண்டும் என்பது மற்றொன்று. மை உலரும் முன்பே சுஹைலின் மகன் அபூ ஜந்தல் (ரலி) கால் விலங்கை இழுத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். அவரும் திருப்பி அனுப்பப்பட்டார். பொறுத்துக்கொள்ளும்படியும் அல்லாஹ் வழி ஏற்படுத்துவான் என்றும் நபியவர்கள் அவருக்கு ஆறுதல் கூறினார்கள். அங்கு நின்றோருக்கு அதைக் காட்டிலும் கனமான ஒரு காட்சி இருந்திருக்க முடியாது.

உமர் (ரலி) அவர்களால் தாங்க இயலவில்லை. நேரே நபியவர்களிடம் சென்றார்கள். நாம் இறையில்லத்திற்குச் சென்று தவாஃப் செய்வோம் என்று தாங்கள் சொல்லவில்லையா என்று கேட்டார்கள். ஆம், சொன்னேன், ஆனால் இந்த ஆண்டே என்று சொன்னேனா என்று நபியவர்கள் திருப்பிக் கேட்டார்கள். இல்லை என்றார் உமர். நிச்சயம் நீர் அங்கு சென்று தவாஃப் செய்வீர் என்றார்கள் நபியவர்கள். புகாரியில் விரிவாக இடம்பெறும் இச்செய்தியின் கருத்தைத்தான் என் சொற்களில் தருகிறேன்.

சகோதரர்களே! வாக்கு உண்மையாக இருந்தது. தேதிதான் சொல்லப்படவில்லை. தேதியை உள்ளத்தில் எழுதிக்கொண்டவர்கள் தோழர்கள். நாமும் அதைத்தான் செய்கிறோம். அல்லாஹ்விடம் கேட்கிறோம், கேட்கும்போதே ஆண்டையும் மாதத்தையும் நாமே நிரப்பிவிடுகிறோம். அந்த மாதம் கடந்ததும், கேட்டேன், தரவில்லை என்று முடிவுகட்டுகிறோம். இப்படி அவசரப்பட்டுப் பேசாதவரை அடியானின் துஆ ஏற்கப்படுகிறது என்ற கருத்தில் ஹதீஸ் உண்டு.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த 1,400 பேர் அழைப்பில்லாதவர்களா? அவர்களிடையே நின்றவர்கள் அண்ணலெம்பெருமானார் (ஸல்) அவர்கள். அபூபக்ரும் உமரும் அங்கே இருந்தார்கள். ஒரு மரத்தடியில் அவர்கள் செய்து கொடுத்த உறுதிமொழியை அல்லாஹ் பொருந்திக்கொண்டதாகத் திருக்குர்ஆனின் 48-ஆம் அத்தியாயம் அறிவிக்கிறது. அல்லாஹ்வின் பொருத்தம் அறிவிக்கப்பட்ட அதே மக்கள்தாம் ஹரமின் எல்லையில் திருப்பி அனுப்பப்பட்டார்கள். ஆகவே வழி அடைபட்டதை வைத்து, அல்லாஹ் என்னை வெறுத்துவிட்டான் என்று பொருள் எடுக்க எவருக்கும் உரிமை இல்லை. தபூக் பயணத்தின்போதும், தகுந்த காரணத்தால் வர இயலாமல் மதீனாவில் தங்கிவிட்ட சிலரைக் குறித்து, நீங்கள் கடந்த ஒவ்வொரு பள்ளத்தாக்கிலும் அவர்கள் உங்களுடன் இருந்தார்கள் என்ற கருத்தில் நபியவர்கள் சொன்னார்கள். பெரியவரிடம் நான் இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

உடன்படிக்கை முடிந்ததும், எழுந்து பலியிட்டுத் தலைமுடியைக் களையுமாறு நபியவர்கள் கட்டளையிட்டார்கள். மூன்று முறை சொல்லியும் எவரும் எழவில்லை. கீழ்ப்படியாமை அன்று அது, உடைந்துபோன உள்ளம். முடியைக் களைந்துவிட்டால் இவ்வாண்டுப் பயணம் முடிந்தது என்று ஒப்புக்கொண்டதாகும் அல்லவா? நபியவர்கள் கூடாரத்திற்குள் சென்று அன்னை உம்மு ஸலமா (ரலி) அவர்களிடம் இதைச் சொன்னார்கள். அன்னையவர்கள் தந்த ஆலோசனை: யாரிடமும் ஒன்றும் பேசாமல் வெளியே சென்று தங்கள் ஒட்டகத்தைப் பலியிடுங்கள், நாவிதரை அழைத்து முடியைக் களைந்துகொள்ளுங்கள். நபியவர்கள் அவ்வாறே செய்தார்கள். அதைக் கண்டதும் அத்தனை பேரும் எழுந்தார்கள். (ஒரு பேரிடரின் நடுவில் சமுதாயத்தை எழுப்பி நடக்க வைத்த ஆலோசனை ஒரு பெண்மணியின் வாயிலிருந்து வந்தது என்பதை, வீட்டில் மனைவியிடம் எதையும் கலந்து பேசாத ஆண்கள் சற்று நினைவில் கொள்வது நல்லது.)

எங்கு தடுக்கப்பட்டார்களோ, அங்கேயே பலி கொடுக்கப்பட்டது. கஅபாவைக் காணாமலேயே ஒரு வணக்கம் நிறைவேறியது.

அந்த ஓராண்டில் என்ன நடந்தது?

திரும்பும் வழியில் 'அல்ஃபத்ஹ்' அத்தியாயம் இறங்கிற்று. திரும்பி நடந்துகொண்டிருந்த பயணத்தை அல்லாஹ் தெளிவான வெற்றி என்று அழைத்தான். பயணிகள் மதீனா வந்து சேர்ந்து அடுத்த துல்கஅதாவை எண்ணிக்கொண்டு முடங்கிவிடவில்லை. ரோமப் பேரரசர் ஹிரக்லுக்கும், பாரசீக மன்னருக்கும், அபிசீனியாவின் நஜ்ஜாஷிக்கும் மற்ற ஆட்சியாளர்களுக்கும் கடிதங்கள் சென்றன. ஹிஜ்ரி 7 முஹர்ரமில் கைபர் பயணம். உடன்படிக்கையால் போர் ஓய்ந்திருந்ததால் மக்கள் ஒருவரையொருவர் சந்தித்துப் பேச முடிந்தது. 1,400 பேருடன் திரும்பிய நபியவர்கள், இரண்டு ஆண்டுகளுக்குள், ஹிஜ்ரி 8 ரமளானில், 10,000 பேருடன் மக்காவில் நுழைந்தார்கள்.

கைபரில் இன்னொரு காட்சி உண்டு. அபிசீனியாவுக்கு ஹிஜ்ரத் சென்றிருந்த ஜஅஃபர் (ரலி) அவர்களும் தோழர்களும் அங்குதான் வந்து சேர்ந்தார்கள். ஏறத்தாழ பதின்மூன்று ஆண்டுகள் அவர்கள் அந்நிய மண்ணில் காத்திருந்தவர்கள். பத்ரு நடந்தது, உஹது நடந்தது, அகழ்ப்போர் நடந்தது. எதிலும் அவர்கள் இல்லை. அந்தப் பதின்மூன்று ஆண்டுகளில் அவர்கள் குடும்பம் நடத்தினார்கள். ஜஅஃபரின் துணைவியார் அஸ்மா பின்த் உமைஸ் (ரலி) அங்கே பிள்ளைகளைப் பெற்று வளர்த்தார்கள். அப்துல்லாஹ் இப்னு ஜஅஃபர் (ரலி) பிறந்தது அபிசீனியாவில்தான். வளைகுடாவில் கணவர் இருக்க, இங்கே பிள்ளைகளை வளர்த்துக்கொண்டு, அவர் வந்த பிறகுதான் நமக்கு வாழ்க்கை என்று எண்ணும் சகோதரிகள் அஸ்மாவின் வரலாற்றைத் தேடிப் படிக்க வேண்டும். கைபர் வெற்றிக்கு மகிழ்வதா, ஜஅஃபரின் வருகைக்கு மகிழ்வதா என்று சொல்லும் அளவுக்கு நபியவர்கள் பூரித்தார்கள்.

பின்னர் ஹிஜ்ரி 7 துல்கஅதா வந்தது. உம்ரத்துல் களா. சொன்னபடியே மக்காவுக்குள் சென்றார்கள். யஸ்ரிபின் காய்ச்சல் இவர்களை நலிவடையச் செய்துவிட்டது என்று குறைஷியர் பேசிக்கொண்டு மலைச்சரிவில் அமர்ந்து வேடிக்கை பார்த்தார்கள். நபியவர்கள் தம் தோழர்களை முதல் மூன்று சுற்றுகளில் தோள்களை நிமிர்த்தி விரைந்து நடக்குமாறு பணித்தார்கள். இப்னு அப்பாஸ் (ரலி) அறிவிக்கும் செய்தி இது. அதுவே 'ரமல்'. பிற்காலத்தில் உமர் (ரலி) அவர்கள், பார்ப்பதற்கு இன்று அந்த இணைவைப்போர் இல்லையே, இனி ரமல் எதற்கு என்று யோசித்து, பின்பு, நபியவர்கள் செய்ததை நாம் விடமாட்டோம் என்று தொடர்ந்தார்கள். இன்றும் உம்ராவுக்குச் செல்லும் ஆண்கள் மூன்று சுற்றுகள் அவ்வாறே நடக்கிறார்கள். காத்திருந்த ஓராண்டில் தளர்ந்துவிடாமல் வந்த ஒரு கூட்டத்தின் நடையை நாம் இன்றும் நடந்துகொண்டிருக்கிறோம்!

தவக்குலும் கட்டுச்சோறும்

யமன் நாட்டவர் சிலர் கட்டுச்சோறு இல்லாமல் ஹஜ்ஜுக்கு வருவார்கள். நாங்கள் அல்லாஹ்வையே நம்பியிருப்பவர்கள் என்பார்கள். மக்கா வந்ததும் பிறரிடம் கையேந்துவார்கள். அவர்கள் விஷயத்தில்தான் பயணத்திற்கு வேண்டியதை எடுத்துச் செல்லுமாறு 'அல்பகரா' அத்தியாயத்தின் 197-ஆம் வசனம் இறங்கியது என இப்னு அப்பாஸ் (ரலி) கூறுகிறார்கள். தவக்குல் என்ற சொல்லை வைத்து வேலையைத் தட்டிக் கழிப்பது அன்றே கண்டிக்கப்பட்டுவிட்டது.

நம் முன்னோர் இதை அறிந்திருந்தார்கள். 1995 வரை இந்தியாவிலிருந்து கப்பலிலும் ஹஜ்ஜுக்குச் சென்றார்கள். பம்பாய் முஸாஃபிர்கானாக்களில் கப்பலுக்காகத் தங்கியிருப்பார்கள். செங்கடலில், யமன் கரையை ஒட்டி, கமரான் என்றொரு தீவு. காலரா அச்சத்தால் 1882-இல் உஸ்மானிய அரசு அங்கு நோய்த்தடுப்பு நிலையம் அமைத்தது. ஜித்தாவை நெருங்கும் வேளையில் ஹாஜிகள் அத்தீவில் இறக்கப்பட்டு, உடைமைகள் நீராவியில் இடப்பட்டு, நாட்கணக்கில் நிறுத்தி வைக்கப்பட்டார்கள். தனிமைப்படுத்தல் என்பது 2020-இல் பிறந்த சொல் என்று நம் பிள்ளைகள் நினைக்கிறார்கள். பாட்டன்மார் அதைக் கடந்துதான் கஅபாவைப் பார்த்தார்கள். இன்று மலேசியாவில் தாபுங் ஹாஜி நிறுவனத்தில் புதிதாகப் பெயர் பதிபவருக்கு முறை வர நூறு ஆண்டுகளுக்கு மேலாகும் என்று கணக்கிடுகிறார்கள். தம் ஆயுளுக்குள் வராது என்று தெரிந்தும் பதிகிறார்கள். நம் நாட்டிலும் 2025-இல் தனியார் முகவர்கள் வழியாக ஏற்பாடு செய்திருந்தோரில் சுமார் 42 ஆயிரம் பேருக்குக் கடைசி நேரத்தில் இடமில்லாமல் போயிற்று. ஆகவே இந்தக் காத்திருப்பு கொரோனாவோடு முடிந்துபோன கதை அன்று.

ஹஜ்ஜுக்கென்று வைத்திருக்கும் பணத்தைக் குறித்துச் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன், பலரும் கேட்கிறீர்கள். நிஸாபை அடைந்து ஓராண்டு நிறைந்தால் அப்பணத்திற்கும் ஸகாத் உண்டு. கடனை அடைக்காமல், வீட்டில் நோயுற்றவருக்கு மருத்துவம் பார்க்காமல், இது அல்லாஹ்வின் வீட்டுப் பணம், தொடமாட்டேன் என்பது பக்தி போலத் தோன்றலாம். மார்க்கம் அப்படிச் சொல்லவில்லை. கடனும் குடும்பத்தின் அவசியத் தேவையும் போக எஞ்சுவதை வைத்தே ஹஜ்ஜின் சக்தி கணக்கிடப்படுகிறது. அதே வேளையில், கடமையாகிவிட்ட ஹஜ்ஜை, அதற்குப் பதில் தர்மம் செய்துவிட்டேன் என்று கைகழுவவும் இயலாது. அண்டை வீட்டாரின் பசிக்கு ஹஜ் பணத்தைக் கொடுத்த டமாஸ்கஸ் செருப்புத் தொழிலாளியின் கதையை மேடைகளில் உருக்கமாகக் கேட்டிருப்பீர்கள். அதன் அறிவிப்பாளர் வரிசைக்கு நான் பொறுப்பேற்க மாட்டேன். சட்டம் எடுப்பதற்கு உரிய செய்தி அன்று அது. வயதானோர் தமக்குப் பின் பத்லு ஹஜ் செய்யுமாறு வஸிய்யத் எழுதி வைப்பது நல்லது. அவரவர் நிலைக்கேற்பச் சட்டம் மாறும் இடங்களில் ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பொதுக்கிணறு

இனி அந்தப் பெரியவரிடம் திரும்புகிறேன். ஹுதைபிய்யாவைச் சொல்வதற்காக மறுநாளே அவர் வீட்டிற்குச் சென்றேன். அமைதியாகக் கேட்டார். சற்று நேரம் கழித்து, "ஹஜ்ரத், ஹஜ் போனதுகூடப் பரவாயில்லை. ஹஜ்ஜை நினைத்துக்கொண்டு என் தம்பியை விட்டுவிட்டேன்" என்றார்.

நான் தலை குனிந்தேன். அந்த விஷயம் எனக்கு முன்பே தெரியும். அண்ணன் தம்பி இருவருக்கும் ஆற்றோரம் ஒரே கிணறு. மோட்டார் ஓட்டும் முறையில் தகராறு. யார் எந்த நாள், எத்தனை மணி நேரம் என்ற பேச்சு முற்றி, ஏழு ஆண்டுகளாகப் பேச்சில்லை. ஒரே பள்ளிவாசலில், வெவ்வேறு வரிசையில் தொழுவார்கள். ஒரு முஸ்லிம் தம் சகோதரரை மூன்று நாட்களுக்கு மேல் வெறுத்து ஒதுக்குவது ஆகுமானதன்று என்ற ஹதீஸை இதே மிம்பரில் நான் சொன்னபோது இருவருமே அமர்ந்து கேட்டிருக்கிறார்கள்.

நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். ஹஜ்ஜுக்குப் புறப்படும் முன் வீடு வீடாகச் சென்று, ஏதேனும் தவறு செய்திருந்தால் மன்னித்துவிடுங்கள் என்று கேட்போம். அழகிய வழக்கம். பெரியவரும் அந்த நாளுக்கென்று வைத்திருந்தார். விமானத் தேதி தெரிந்ததும் முதலில் தம்பி வீட்டு வாசலில்தான் போய் நிற்பேன் என்று துணைவியாரிடம் சொல்லியிருந்தாராம். நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். இப்போது இடையில் புகுந்து பேசுவானேன், ஹஜ்ஜுக்குப் போகும்போது தானாகச் சரியாகிவிடும் என்று விட்டுவிட்டேன். சமாதானம் செய்து வைக்கும் பொறுப்பில் இருப்பவன் நான். தேதி தள்ளிப் போயிற்று. மறு ஆண்டும் தள்ளிப் போயிற்று. 2021 மே மாதம், இரண்டாம் அலையில், தம்பி மவுத்தாகிவிட்டார். அப்போது பெரியவரும் தொற்றுக்கு ஆளாகி அறைக்குள் இருந்தார். ஜனாஸாவுக்குக்கூடப் போக இயலவில்லை.

தவறு ஹஜ்ஜுக்காகக் காத்திருந்ததில் இல்லை. கேட்க வேண்டிய மன்னிப்பையும் சேர்த்து அந்தப் பெட்டிக்குள், இஹ்ராம் துணியோடு, மடித்து வைத்ததில் இருந்தது. அன்று காலை எழுந்து நடந்திருந்தால் இரண்டு தெரு தூரம்.

உங்களுள் எவரேனும் இவ்வாறு ஒன்றை ஒரு தேதிக்காக எடுத்து வைத்திருக்கிறீர்களா? மகள் திருமணத்திற்கு அழைக்கும்போது பேசிக்கொள்ளலாம், பெருநாள் வரட்டும், பத்திரம் பதிவாகட்டும் என்று? தொழுகை முடிந்து வீட்டிற்குச் செல்லும் வழியிலேயே அந்த வீடு இருக்கக்கூடும். இந்த இதழை வாசிக்கும் சகோதரிக்குத் தொலைபேசி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். மறுக்கிறார்களா, மறுக்கட்டும், உங்கள் ஸலாம் உங்கள் கணக்கில் எழுதப்பட்டுவிட்டது. மிம்பரில் நிற்கும் எங்களைப் போன்றோருக்கும் சொல்கிறேன்: தானாகச் சரியாகிவிடும் என்று எந்தக் குடும்பத்தையும் விட்டுவிடாதீர்கள்.

பெரியவர் அந்த வாரமே தம்பியின் வீட்டிற்குச் சென்றார். விதவையாகிவிட்ட தம்பி மனைவி கதவைத் திறந்து, ஒன்றும் சொல்லாமல் உள்ளே சென்று பாய் விரித்தாராம். கிணற்று முறையில் தம்பி கேட்டது எதுவோ அதையே தம்பி மகன்களுக்கு எழுதிக் கொடுத்தார்.

2023-இல் வயது வரம்பு நீங்கியது. நம் நாட்டுக்குப் பழையபடி 1,75,025 இடங்கள் கிடைத்தன. சென்னையிலிருந்தும் விமானங்கள் புறப்பட்டன. அவ்வாண்டு 68 வயதில் அவரும் துணைவியாரும் ஹஜ் சென்று வந்தார்கள். திரும்பி வந்தவரைப் பார்க்க நானும் போயிருந்தேன். ஜம்ஜம் தந்தார், பேரீச்சம்பழம் தந்தார். முதல் தவாஃபைப் பற்றிக் கேட்டேன்.

"மூன்று சுற்று விரைந்து நடக்க வேண்டுமே, முழங்கால் விடவில்லை ஹஜ்ரத்" என்றார். "சின்ன வயதில் ஆற்று மணலில் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடுவான் தம்பி. அவன் நினைவோடு மெதுவாகத்தான் சுற்றினேன். அவனுக்காக உம்ரா ஒன்றும் செய்துவிட்டு வந்தேன்."

தம்பியின் இளைய மகன் அப்போது உள்ளே வந்து, மோட்டார் போட்டாயிற்று, பெரியத்தா, இன்று உங்கள் முறை என்று சொல்லிவிட்டுப் போனான்.